கடற்கரை வெயிலும் கண்ணும்: ராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் அப்பாவின் இரண்டு கண்ணிலும் மூக்கை ஒட்டிய ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சதை இருந்தது. பாம்பனில் நாட்டுப்படகில் நாற்பது வருடமாகப் போகிறவர். அவர் வயதொத்த ஆட்களில் பலருக்கும் அதே சதை, அதே இடத்தில். சின்ன வயதில், கடலுக்குப் போகிறவர்களுக்குக் கண் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்புறம் ராமநாதபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பதினோரு வருடமாக வருகிற அண்ணன்மார், அக்காமார் கண்களையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் கேள்வியே வந்தது: வெயில் மேலே இருந்துதானே அடிக்கிறது, சதை ஏன் மூக்குப் பக்கமாகவே வளர்கிறது?

இதற்குப் பதில் தெரிந்தால் எந்தக் கண்ணாடி, எந்தத் தொப்பி, எந்த நேரம் என்பதெல்லாம் தானாகப் புரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. கடையில் 'யூவி' என்போம். தரைக்கு வந்து சேர்வது இரண்டு வகை. பி வகையின் பெரும்பகுதியைக் கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடித் திரையான கருவிழிப் படலம் உறிஞ்சிக்கொள்கிறது. ஏ வகை அதைத் தாண்டி உள்ளே உள்ள லென்ஸ் வரைக்கும் போகிறது. முன்பக்கம் தாங்கியதன் விளைவுதான் சதை வளர்ச்சி. லென்ஸ் வருடக்கணக்கில் தாங்கியதன் விளைவில் ஒரு பங்கு கண்புரை. புரைக்கு வயது, சர்க்கரை, புகை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வெயில் அதைச் சீக்கிரம் கொண்டுவருகிறது.

இனி மூக்குப் பக்கக் கதை. சிட்னியைச் சேர்ந்த கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ இதை விளக்கியிருக்கிறார். பொட்டுப் பக்கத்திலிருந்து, அதாவது காதோரமாகச் சாய்வாக வரும் வெளிச்சம் வளைந்த கருவிழிப் படலத்தின் வழியாகப் போகும்போது, அந்தப் படலமே உருப்பெருக்கிக் கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது. ஒளியைக் குவித்து எதிர்ப்பக்கம், மூக்கை ஒட்டி வெள்ளையும் கருப்பும் சேரும் விளிம்பில் போடுகிறது. அந்த இடத்தில் ஒளி 20 மடங்கு வரை கூடலாம். மூக்குப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தை மூக்கே மறைத்துவிடுகிறது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரித்துப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

ஆகவே கண்ணுக்கு ஆபத்தான வெளிச்சத்தில் பெரிய பங்கு உச்சியிலிருந்து வருவதில்லை. பக்கவாட்டிலிருந்தும் கீழேயிருந்தும் வருகிறது. நம் கரையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. காய்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும், நுரைத்த அலை 25 சதவீதம். தனுஷ்கோடி சாலையில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெள்ளை மணல். அங்கே குடை பிடித்து நிற்பவர் தலைக்கு மட்டும்தான் குடை பிடிக்கிறார்.

படி 1: நேரத்தைத் தெரிந்துகொள்வது

தோலுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமை, நீளமாக இருந்தால் குறைவு. ராமேஸ்வரம் கிட்டத்தட்ட 9.3 டிகிரி வடக்கில் இருப்பதால் சித்திரை பிறக்கிற ஏப்ரல் 14-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று பகல் 12.10 வாக்கில் நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது.

கண்ணுக்கு இந்தக் கணக்கு முழுசாகப் பொருந்தாது. நேர் உச்சி வெயிலில் புருவ எலும்பு கண்ணுக்குக் கூரை மாதிரி நிற்கிறது, நாமும் கண்ணைச் சுருக்குகிறோம். ஜப்பானில் மனித முகப் பொம்மையின் கண்ணில் கருவி வைத்து அளந்தபோது, கோடையில் கண்ணுக்கு அதிகம் கதிர் விழுந்தது நண்பகலில் அல்ல. காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும், சூரியன் வானத்தில் பாதி உயரம்கூட வராத வேளையில்தான் அது உச்சத்துக்குப் போனது. நம் ஊருக்கு அந்த உயரம் சுமாராகக் காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் வரும்.

"மத்தியானம் வெளியே போகமாட்டேன் தம்பி, எனக்கு எதுக்குக் கண்ணாடி?" என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். படகு கரைக்கு வந்து மீன் இறக்குவது, ஏலம், கருவாடு பரப்புவது எல்லாம் காலை வேலைதானே. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை முழுக்கவே கண்ணுக்குக் காவல் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் வானிலைச் செயலியில் யூவி குறியீடு என்று ஒரு எண் இருக்கும். 3-க்கு மேல் போனால் பாதுகாப்பு தேவை, 8-க்கு மேல் மிகக் கடுமை, 11-க்கு மேல் அதற்கும் மேலே. மேகமில்லாத நண்பகலில் இங்கே 10-ஐத் தாண்டுவது சாதாரணம். மெல்லிய மேகம் இருந்தால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். சூடுதான் குறைகிறது, புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி மேகத்தைத் தாண்டி வந்துவிடும். வாடைக் காலத்தில் குளுகுளு என்று இருக்கும்போதும் அப்படித்தான்.

படி 2: தலையில் என்ன இருக்கிறது

நம் ஆட்களுக்குத் துண்டுதான் எல்லாம். தலைப்பாகை தலையைக் காக்கும், வியர்வையை உறிஞ்சும். ஆனால் கண்ணுக்கு மேல் அரை விரல் நிழல்கூட விழாது. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுப் பல்லால் கடித்துக்கொள்கிறார்களே, அது கொஞ்சம் பரவாயில்லை. முந்தானை முகத்தின் இருபக்கமும் தொங்குவதால் காதோர வெளிச்சம் ஓரளவு மறையும். துண்டு கட்டுகிறவர்களும் நெற்றிக்கு முன்னால் நாலு விரல் நீட்டி, காதை மூடித் தொங்கவிட்டுக் கட்டினால் நல்லது.

அதைவிட நல்லது சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி. விளிம்பு எட்டு, பத்து சென்டிமீட்டர் இருந்தால் கண்ணில் விழும் கதிர் ஏறக்குறைய பாதியாகிவிடும். கிரிக்கெட் தொப்பி முன்பக்கம் மட்டும்தான் மறைக்கும், பக்கம் திறந்துதான் கிடக்கும். பனைக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு பனை ஓலைத் தொப்பியை விட்டுவிட்டோம் என்பது என் தனிப்பட்ட வருத்தம். லேசானது, காற்று போகும், விளிம்பும் அகலம். கச்சான் காற்றில் பறக்கும்தான். தாடைக்குக் கீழே ஒரு நாடா போட்டால் தீர்ந்தது.

தொப்பி பாதி வேலையைத்தான் செய்யும். கீழே தண்ணீரிலிருந்து எகிறி வருவதைத் தொப்பியால் என்ன செய்ய முடியும்?

படி 3: கண்ணாடி வாங்குவது

இதில்தான் ஏமாறுவது அதிகம், நானும் ஏமாந்தேன். கடையில் சேர்வதற்கு முன்னால் கோவில் பக்கம் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். மேலே பெரிதாக யூவி என்று ஸ்டிக்கர். இரண்டு வருடம் போட்டேன். வேலைக்குச் சேர்ந்த வாரம் கடைக் கருவியில் வைத்துப் பார்த்தால் பாதிக்கும் மேல் கதிர் உள்ளே போகிறது. அதற்காக மலிவான கண்ணாடி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. முந்நூறு ரூபாய்க் கண்ணாடி நன்றாகத் தேறியதையும், விலை கூடியது தேறாததையும் அதே கருவியில் பார்த்திருக்கிறேன்.

முதல் விஷயம், நிறத்தின் அடர்த்திக்கும் யூவி தடுப்புக்கும் சம்பந்தமில்லை. கறுப்பாக இருந்தால் வெளிச்சம் குறையும், அவ்வளவுதான். யூவி தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியில் கண்மணி விரிந்துகொள்ளும், கண்ணைச் சுருக்குவதும் நின்றுபோகும். காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. நேர்மாறாக, நிறமே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸ் யூவியை நன்றாகத் தடுக்கும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அந்த லென்ஸையே கேட்டு வாங்கலாம். பழைய மாதிரிக் கண்ணாடிக்கல் லென்ஸ் பி வகையைத் தடுக்கும், ஏ வகையில் நிறைய விட்டுவிடும்.

கடையில் கேட்க வேண்டிய சொல் 'யூவி 400'. 400 நானோமீட்டர் வரைக்கும் உள்ள கதிரைத் தடுக்கும் என்று பொருள். கேட்பதோடு நிற்காமல், கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான கண்ணாடிக் கடைகளில் சின்ன அளவுகோல் பெட்டி ஒன்று இருக்கும், அரை நிமிட வேலை. முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

கருவி இல்லாத இடத்தில் ஒரு குத்துமதிப்புச் சோதனை: கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச் இருந்தால் ரூபாய் நோட்டின் எண் இருக்கும் இடத்தில் அடியுங்கள், எண் பளபளக்கும். இப்போது டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் கண்ணாடியைப் பிடியுங்கள். பளபளப்பு நன்றாக அடங்கினால் தேறும். அப்படியே மின்னினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த டார்ச்சைக் கண்ணில் அடித்துப் பார்க்கக் கூடாது, பிள்ளைகள் கையிலும் தரக்கூடாது.

இரண்டாவது, வடிவம். தட்டையான சின்னக் கண்ணாடி போட்டால் பொட்டுப் பக்கம் ஒரு ஜன்னலே திறந்திருக்கும். மேலே சொன்ன இருபது மடங்குக் குவிப்பு அந்த ஜன்னல் வழியாகத்தான் நடக்கிறது. முகத்தோடு வளைந்து, கன்னத்தையும் புருவத்தையும் ஒட்டி உட்காரும் கண்ணாடியே நமக்குச் சரி. கண்ணாடியில் பார்க்கும்போது ஸ்டைலாக இல்லை என்று மாப்பிள்ளைகள் வருத்தப்படுவார்கள். தட்டைக் கண்ணாடியைக் கல்யாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, போலராய்டு. தண்ணீர் மேல் பளீரென்று அடிக்கும் கூச்சத்தை இது வெட்டிவிடும். மேல்பரப்பின் மினுக்கம் போய் உள்ளே பாறை, பாசி, மீன் நடமாட்டம் வரை தெரியும். கரைவலைக்காரர்களும் தூண்டில்காரர்களும் ஒருமுறை போட்டால் கழற்ற மாட்டார்கள். ஆனால் போலராய்டு வேறு, யூவி தடுப்பு வேறு. இரண்டும் சேர்ந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். விசைப்படகு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சில ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் திரைகள் போலராய்டு வழியாகப் பார்த்தால் ஒரு கோணத்தில் இருண்டுபோகும். வாங்கும் முன் செல்போன் திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் அந்த வித்தை தெரியும். திரை இருண்டால் தலையைக் கொஞ்சம் சாயுங்கள், தெரியும்.

நிறத்தில் சாம்பல் அல்லது பழுப்பு. கண்ணாடியின் கருமையை வகை எண்ணால் குறிப்பார்கள்: வண்டி ஓட்டுகிறவர்கள் மிக அடர்த்தியான நான்காம் வகையை வாங்கக் கூடாது, மூன்றாம் வகை போதும். கம்ப்யூட்டருக்கு என்று விற்கும் நீல ஒளிக் கண்ணாடியை வெயிலுக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அது வேறு கணக்கு. வெயிலுக்கு அதை நம்ப வேண்டாம்.

படி 4: அவரவர் வேலைக்கு ஏற்ப

படகில் போகிறவர்களுக்குக் கண்ணாடி கடலில் விழுவதுதான் முதல் பிரச்சினை. இரண்டு காம்பையும் சேர்த்துப் பின்னங்கழுத்தில் நைலான் கயிறு ஒன்று கட்டுங்கள். வலை பின்னுகிறவருக்கு முடிச்சு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உப்புத் தெறித்துக் காய்ந்த கண்ணாடியைக் கைலியால் துடைக்காதீர்கள், உப்புக்கல்லே கீறிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, அப்புறம் மெத்தென்ற துணி. வெள்ளை அடித்த தளம் வெளிச்சத்தை நேராக முகத்துக்கு அனுப்பும். வலை பிரிக்கிற இடத்தில் மட்டுமாவது தார்ப்பாய் நிழல் போட்டுக்கொண்டால் கண்ணுக்கும் உடம்புக்கும் நல்லது.

பாசி எடுக்க முங்குகிற அக்காமார் போடும் முங்குக் கண்ணாடி தண்ணீருக்குள் இருக்கும்வரை சரி. தலையை வெளியே தூக்கி மூச்சு வாங்கும்போதும், வள்ளத்தில் உட்கார்ந்து பாசியைப் பிரிக்கும்போதும் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அந்த நேரத்துக்குத்தான் தொப்பியும் வெயில் கண்ணாடியும் பையில் இருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் உப்புத் தண்ணீர்க் கையால் கண்ணைக் கசக்காமல், ஒரு பாட்டில் நல்ல தண்ணீரில் முகம் கழுவுவது சின்ன விஷயம்தான். ஆனால் காற்று, உப்பு, மணல் மூன்றும் கண்ணைக் காயவைத்து உறுத்தினால், சதை சிவந்து வீங்க அது போதும்.

வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை. பாத்தியில் தண்ணீர், வரப்பில் வெள்ளை உப்பு, எங்கும் மர நிழல் கிடையாது. அங்கே தொப்பியை மட்டும் நம்ப முடியாது. பக்கமும் கீழும் மூடிய கண்ணாடி கட்டாயம். வேலைக்கு எடுக்கிறவர்கள் கையுறை, பூட்ஸோடு இதையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது என் கருத்து, சங்கத்தில் கேட்டு வாங்க வேண்டிய பொருள்.

பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. காலையில் ராமேஸ்வரம் நோக்கியும் மாலையில் மண்டபம் நோக்கியும் பாம்பன் பாலத்தில் வருகிறவர்களுக்கு வெயில் நேர் முகத்தில். பாலத்தில் வண்டியை நிறுத்திக் கண்ணாடி தேடுவதைவிட, ஏறும் முன்பே போட்டுக்கொள்வது உயிருக்கும் நல்லது.

படி 5: பிள்ளைகள்

சின்னப் பிள்ளைகளின் லென்ஸ் தெளிவாக இருப்பதால் பெரியவர்களைவிட அதிகக் கதிர் உள்ளே போகும். அதற்காக வீட்டுக்குள் அடைக்காதீர்கள். வெளி வெளிச்சத்தில் விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு. விளிம்புத் தொப்பி போடவையுங்கள், கரையில் நெடுநேரம் இருப்பதானால் கண்ணாடியும். பொம்மைக் கண்ணாடி வேண்டாம்.

படி 6: நேராகப் பார்க்கக் கூடாதவை

அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து சூரிய நமஸ்காரம் செய்கிறவர்கள், அரிச்சல்முனையில் உதயம் பார்க்கிறவர்கள், இரு தரப்புக்கும் சொல்கிறேன்: கும்பிடுங்கள், கண்ணை மூடிக்கொண்டோ தண்ணீரைப் பார்த்தோ கும்பிடுங்கள். சிவந்த உதயம் இரண்டொரு நிமிடம்தான், அதற்குள் வெளிச்சம் ஏறிவிடும். சூரியனை உற்றுப் பார்த்தால் விழித்திரையின் நடுப்புள்ளி பொசுங்கும். வலிக்காது, அதுதான் மோசம். சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் புள்ளி நிற்கும். பலருக்கு மாதக்கணக்கில் குறையும், சிலருக்குப் போகவே போகாது.

கிரகணத்துக்கும் இதே கதை. 2010 ஜனவரி 15 அன்று வளைய கிரகணம் பார்க்க தனுஷ்கோடியில் கூட்டம் கூடியது நினைவிருக்கும். அடுத்து 2031 மே 21-ல் தென் தமிழகத்தின் வழியாக ஒரு வளைய கிரகணம் வருகிறது. எக்ஸ்ரே பிலிம், சாணித் தண்ணீர், சாதாரண வெயில் கண்ணாடி எதுவும் அதற்கு உதவாது. கிரகணத்துக்கென்றே தரச்சான்றோடு வரும் கண்ணாடி, இல்லாவிட்டால் அட்டையில் ஊசித்துளை போட்டுத் தரையில் விழும் பிம்பத்தைப் பார்ப்பது.

வெல்டிங்கையும் இங்கேயே சேர்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி மராமத்து நடக்கும். வெல்டருக்கு முகமூடி இருக்கும், பக்கத்தில் கம்பி பிடித்து நிற்கும் பையனுக்கு இருக்காது. வெல்டிங் பொறியிலும் இதே புற ஊதாக் கதிர்தான், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில்.

படி 7: அடிபட்டுவிட்டால்

வெயிலோ வெல்டிங்கோ கருவிழிப் படலத்தைச் சுட்டுவிட்டால் உடனே தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரி, கண்ணில் மண்ணை வாரிப் போட்ட மாதிரி உறுத்தும், தண்ணீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. கண்ணைக் கசக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். விளக்கை அணைத்து, நல்ல தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண்மேல் வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். பொதுவாக ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். பார்வை மங்கினாலோ, இரண்டு நாளில் குறையாவிட்டாலோ கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். அம்மாச்சி சொன்னது பொய்யென்று சண்டைக்கு வரவில்லை. புண்ணாகியிருக்கும் கண்ணில் கிருமி ஏறினால் கருவிழியே வெளுத்துப்போகும்.

இதைவிட நான் பயப்படுவது மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் சொட்டு மருந்துக்கு. எங்கள் சித்தப்பாவுக்குச் சதை சிவந்தபோதெல்லாம் ஒரு கடையில் ஒரே சொட்டைத் தந்துகொண்டிருந்தார்கள். போட்டதும் சிவப்பு போய்விடும், அவருக்கும் சந்தோஷம். அதில் இருந்தது ஸ்டீராய்டு. அதை மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், புரையும் வரும். அவருக்கு அழுத்தம் ஏறியிருந்தது, நல்லவேளையாகச் சீக்கிரம் பிடித்துவிட்டார்கள். ஸ்டீராய்டு நல்ல மருந்துதான், மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்தால் மட்டும்.

படி 8: வருடத்துக்கு ஒருமுறை

விசைப்படகுக்காரர்கள் தடைக்காலத்திலேயே இதை முடித்துவிடலாம். நாட்டுப்படகுக்காரர்களும் மற்றவர்களும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பத்தடி தள்ளி நின்று, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படியுங்கள். ஒரு கண் மட்டும் மோசமாக இருப்பது இரண்டையும் திறந்து பார்க்கும்போது தெரியவே தெரியாது. கூடவே நல்ல வெளிச்சத்தில் கண்ணைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் அதே மாதிரி எடுத்து ஒப்பிட்டால் சதை நகர்ந்ததா என்று தெரிந்துவிடும். வெள்ளையிலேயே நின்றால் அவசரமில்லை. கருப்புக்குள் ஏறத் தொடங்கினாலோ, கண்மணியை நெருங்கினாலோ, ஒருபக்கம் மட்டும் வேகமாகத் தடித்தாலோ தாமதிக்கக் கூடாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். மதுரைக்குப் போகிறவர்கள் 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போவது வழக்கம்.

அறுவை என்றால், சதையை எடுத்த இடத்தில் அதே கண்ணின் வெள்ளைப் படலத்திலிருந்து சிறு துண்டு எடுத்து ஒட்டும் முறையா என்று கேளுங்கள். வெறுமனே சுரண்டி எடுத்து விட்டால் திரும்ப வளரும் வாய்ப்பு நிறைய. ஒட்டினாலும், பழைய மாதிரியே வெறுங்கண்ணோடு கடலுக்குப் போனால் மறுபடி வரலாம்.

அப்பாவுக்கு வலது கண்ணில் போன வருடம் செய்தோம். ஒரு மாதம் கரையிலேயே இருந்தார். இப்போது வளைந்த பழுப்புக் கண்ணாடியும், பின்னங்கழுத்தில் பச்சை நைலான் கயிறுமாகப் போகிறார். கூட்டாளிகள் முதலில் "என்ன, சினிமாவுக்கா?" என்று கேலி செய்தார்கள். அதில் ரெண்டு பேர் கடைக்கு வந்து அதே கண்ணாடி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.